பங்கு அக்கா திறக்காத கணக்கு

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குத் திங்கட்கிழமை காலையில் ஒரு கூட்டம் உண்டு. கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, அதைச் சட்டைப்பைக்குள் போடுவதா வெளியே தொங்கவிடுவதா என்று தெரியாமல் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். தீயணைப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, மணி அடித்தால் எந்தக் கதவு வழியாக ஓட வேண்டும் என்று சொல்லுவார். கேன்டீன் மேலாளர் வந்து, சாப்பிட்ட தட்டை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லுவார். அதை யாரும் கேட்டு நடந்ததாகச் சரித்திரம் இல்லை. கடைசியாகப் பங்கு அக்கா வருவாள்.

ஆள் குள்ளம். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். மைக்கைத் தொடமாட்டாள். தொடவேண்டிய அவசியமும் இல்லை.

“கம்பெனி ஷேர் தருதுன்னு உங்க ஆர்டர்ல போட்டிருக்கும். அதைப் பார்த்ததும் மனசுக்குள்ள வீடு கட்ட ஆரம்பிச்சு, இந்நேரம் மாடிக்குப் போயிருப்பீங்க. கொஞ்சம் கீழ இறங்கி வாங்க. அது உங்களுது இல்ல. உங்களுது ஆகப்போறது. ரெண்டுக்கும் நடுவுல நாலு வருஷம் இருக்கு. அதுக்குள்ள வேலைய விட்டா, விட்டதுதான். அதனால கைக்கு வர்ற வரைக்கும் வாயத் திறக்காதீங்க. வீட்டுலகூடச் சொல்லாதீங்க. சொன்ன அன்னைக்கே செலவு ஆரம்பிச்சிடும்.”

எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா சிரிக்கமாட்டாள்.

விஷயம் இவ்வளவுதான். ஆஸ்பத்திரிகளுக்கு மூச்சு இயந்திரம் செய்யும் கம்பெனி அது. நல்ல ஆட்கள் ஓடிப்போகாமல் இருக்க, சம்பளத்தோடு கம்பெனியின் ஷேர்களையும் கொடுப்பதாக எழுதித் தருவார்கள். ஆனால் உடனே கையில் தரமாட்டார்கள். சொன்ன வருடங்கள் இருந்து காட்டினால்தான் தருவார்கள். அப்படிக் கைக்கு வந்துவிட்டால் ‘வெஸ்ட் ஆயிடுச்சு’ என்பார்கள். வராத வரைக்கும் அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பலகாரம்; பார்க்கலாம், எச்சில் ஊறலாம், அவ்வளவுதான்.

சம்பளப் பிரிவில் இந்தக் கணக்கைப் பார்ப்பதால் அவள் பங்கு அக்கா. அவளைவிட வயதில் மூத்த மேலாளர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். யாருக்கு எவ்வளவு வரப்போகிறது, யார் அடுத்த மாதம் ஷேர் கைக்கு வந்ததும் கம்பி நீட்டப்போகிறார், யாருக்கு மேலிடம் இந்த வருடம் ஒன்றுமே எழுதவில்லை, எல்லாம் அவளுக்குத் தெரியும். மூலை மேசையில் இருக்கும் ஒரு பையனுக்கு இருப்பது அவனை விரட்டிக்கொண்டே இருக்கும் மேலாளருக்கு இருப்பதைவிட அதிகம் என்பதும் தெரியும். இருவரும் ஒரே மேசையில் டீ குடிக்கும்போது அக்கா சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்திக் கொடுப்பாள். முகத்தில் ஒன்றும் இருக்காது. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று உலகம் கேட்கும். அக்கா கையைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

அழுத்தக்காரி, கல்லுளிமங்கி என்றெல்லாம் அவளுக்குப் பட்டம் உண்டு. ஆனால் ஒரு சங்கடம் என்று வந்தால் அந்த அழுத்தக்காரியிடம்தான் வந்து நிற்பார்கள். விவாகரத்து வழக்கு நடக்கிறவர்கள் அவள் மேசைக்கு வரும்போது முகத்திலேயே தெரிந்துவிடும். அக்கா எதிர் நாற்காலியில் இருக்கும் பைகளை எடுத்துக் கீழே வைப்பாள்.

அசெம்பிளிப் பிரிவில் வேலை செய்த ஒரு பெண் ஒருமுறை வந்து அழுதாள். “அவன் வந்து பங்கு கேக்கறான்க்கா. எனக்கே இன்னும் வராததுல அவனுக்கு என்ன பங்கு?”

“ரொட்டி இன்னும் அடுப்புலதான் இருக்கு. ஆனா மாவு பிசையறப்போ அவனும் வீட்டுல இருந்தான்ல?” என்றாள் அக்கா. “நீங்க சேர்ந்து இருந்த காலத்துக்கு உண்டானது ரெண்டு பேருக்கும். பிரிஞ்சதுக்கு அப்புறம் நீ வேலை பார்த்துச் சம்பாதிக்கிறது உனக்கு மட்டும். முழுசா தூக்கியும் குடுக்காத. முழுசா மறைக்கவும் செய்யாத.”

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். இப்படி எத்தனையோ குடும்பங்களின் வராத பணத்தை அக்கா நியாயமாக வகுத்துக் கொடுத்திருக்கிறாள். தன் வீட்டுக்கே அந்தக் கணக்கு வரும் என்று அவள் நினைக்கவில்லை. யார்தான் நினைப்பார்கள்?

அவளுடைய கணவரும் அதே கம்பெனிதான். இயந்திரங்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் இன்ஜினியர். வேலைக்குச் சேர்ந்த அன்று திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, அவள் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டவர். கூட்டம் முடிந்ததும், “நீங்க சொன்னது எல்லாம் புரிஞ்சுது. ஆனா மறுபடி ஒரு தடவை சொல்றீங்களா?” என்று போய் நின்றார். அடுத்த வாரமும் போய் நின்றார். சந்தேகம் ஷேரில் இல்லை என்பது நான்காவது வாரத்தில்தான் அக்காவுக்குப் பிடிபட்டது. அந்த விஷயத்தில் கொஞ்சம் மந்தம்.

சம்பளப் பிரிவில் ஒரு விதி இருந்தது. சொந்தக்காரர்களின் கணக்கைச் சொந்தக்காரர்கள் பார்க்கக்கூடாது. கல்யாணம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, அக்கா முதல் வேலையாகக் கணவரின் கணக்கைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒப்படைத்தாள். அவர் எதற்கெடுத்தாலும் ரசீது கேட்கிற மனிதர்; அதனால் எல்லோருக்கும் அவர் ரசீது சார்.

“திரையை இந்தப் பக்கம் திருப்பிடாதீங்க சார். அவரோட கணக்கைத் திறந்தா முன்னாடியே சொல்லுங்க, நான் எழுந்து போயிடறேன்” என்று சொல்லிவைத்தாள்.

ரசீது சாரும் அப்படியே செய்தார். அவர் தொண்டையைக் கனைத்தால் அக்கா எழுந்து தண்ணீர் பாட்டிலை நிரப்பப் போய்விடுவாள். அலுவலகத்தில் பார்க்கக்கூடாததை வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வதும் அதே தப்புதான் என்பது அவள் கட்சி. அதனால் கேட்டதும் இல்லை. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. அவர் சொல்லவில்லை. ஷேர் கைக்கு வந்தால் அந்தப் பணம் வீட்டுக் கடனில் போய்ச் சேரும். வந்தது என்று அப்போதுதான் தெரியும். வரப்போவது எது என்று தெரியவே தெரியாது. ஆக, அந்தக் கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் மனைவிமாரிலேயே, புருஷனுக்கு என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரே மனைவி பங்கு அக்காதான்.

இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

கல்யாணம் ஆன புதிதில் இருவரும் நிறையப் பேசினார்கள். மகள் பிறந்தாள். பேச்சு மகளைப் பற்றி ஆயிற்று. பிறகு மகளுக்கே வாய் முளைத்துவிட்டதால் இவர்கள் பேச வேண்டிய தேவையும் குறைந்தது. சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. பார்க்கிறவர்கள் கொடுத்து வைத்த தம்பதி என்றார்கள். அவர் வரவர வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஆனார். சாப்பிட்டுவிட்டுத் தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, படிக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கடைசியில் ஒருநாள், “சுவத்தோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு. என்னால முடியல” என்று சொல்லிவிட்டு, தொழிற்சாலைப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். அக்காவுக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. தான் என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. செய்யாதது என்ன என்று யோசிக்கவும் தோன்றவில்லை.

அவர்தான் வழக்குப் போட்டார். மகள் அம்மாவோடு இருப்பது என்பதில் இருவருக்கும் தகராறு இல்லை. தகராறு வீட்டில் வந்து நின்றது.

மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. இருவர் பேரிலும் இருந்தது. மகளின் பள்ளிக்கூடம் நடந்துபோகிற தூரம். சமையலறைக் கதவின் நிலையில் அவள் உயரத்தை வருடாவருடம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். கடைசிக் கோடு அக்காவின் தலைக்கு மேலே போய்விட்டது. அக்காவுக்கு அந்த வீடு வேண்டும். ஆனால் அவர் பாதியை விலை கொடுத்து வாங்க அவளிடம் பணம் இல்லை. அவளுடைய ஷேர்களோ, சம்பளப் பிரிவுக்காரர்களுக்கு எழுதுவது எறும்புக்கு வைத்த சர்க்கரை மாதிரி. ஒரே வழி, அவருடைய ஷேர்களில் அவளுக்கு வரவேண்டிய பங்கை அவரே வைத்துக்கொண்டு, பதிலுக்கு வீட்டில் தன் பாதியை விட்டுக்கொடுப்பது. அந்தப் பங்கு போதுமான அளவுக்கு இருந்தால் வீடு நிற்கும். இல்லாவிட்டால் விற்றுப் பிரிக்க வேண்டியதுதான்.

“அவருக்கு எவ்வளவு இருக்கு?” என்று கேட்டாள் அவளுடைய வக்கீலம்மா.

“தெரியாதுங்க.”

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தாள். “நீங்க பார்க்கற வேலையே அதுதானே?”

“அவரோட கணக்கை நான் பார்க்கறதில்ல.”

“சரி, இதுவரைக்கும் பார்க்கல. இப்போ பாருங்க. அவர் ஏதாவது மறைச்சா நமக்கு எப்படித் தெரியும்?”

“மறைக்கமாட்டார்னு நினைக்கிறேன். மறைச்சாலும் நான் அப்படிப் பார்க்கக் கூடாதுங்க.”

தங்கைக்கு இது தெரிந்ததும் நேரே வீட்டுக்கே வந்துவிட்டாள். வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தாள். “கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறியேக்கா! ரெண்டு நிமிஷ வேலை. யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியும்ல.”

“உன் நியாயத்தைக் கொண்டுபோய் எந்த வீட்டுல வெச்சுக் கும்பிடுவே? இருக்கற வீடே போகப்போவுது!”

அக்கா தங்கைக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். தங்கை அதைக் குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து திட்டினாள்.

அக்காவும் மனுஷிதான். இதையும் சொல்லியாக வேண்டும். ஒருநாள் மதியம், எல்லோரும் கேன்டீனுக்குப் போயிருந்த நேரம், அவள் தன் கம்ப்யூட்டரில் கணவரின் ஊழியர் எண்ணை அடித்தாள். அந்த எண் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கேஸ் இணைப்பு என்று எத்தனை விண்ணப்பங்களில் எழுதியிருக்கிறாள்! இன்னும் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். சமையலறை நிலையில் இருக்கும் பென்சில் கோடுகள் ஞாபகத்துக்கு வந்தன. விரல் பொத்தானின்மேல் இருந்தது. பிறகு ஒவ்வோர் எண்ணாக அழித்தாள். எழுந்துபோய், ஏற்கெனவே கழுவியிருந்த டீக் கோப்பையை மறுபடி கழுவினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பயத்தில்தான் வந்தது, அவளுக்கே தன்மேல் பயம்.

சமரச மையம் நீதிமன்றத்துக்குப் பின்னால், பழைய கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தது. நீளமான மேசை, ஆடுகிற ஒரு நாற்காலி, ஜன்னலோரம் தண்ணீர் ஜாடி. மத்தியஸ்தம் பேசிய அம்மாள் ஓய்வுபெற்ற நீதிபதி. பேனாவின் மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருப்பார். மேசைக்கு இந்தப் பக்கம் அக்காவும் வக்கீலம்மாவும், அந்தப் பக்கம் கணவரும் அவருடைய வக்கீலும். ஆடுகிற நாற்காலி கணவருக்கு வாய்த்திருந்தது. மனிதர் இளைத்திருந்தார். சட்டையின் மேல் பொத்தான் ஒன்று வேறு நிற நூலில் தைக்கப்பட்டிருந்ததை அக்கா கவனித்தாள்.

அவருடைய வக்கீல் ஷேர் விவரங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். படித்து முடித்ததும், “இதுல வெஸ்ட் ஆகாததை எல்லாம் சொத்துன்னே சொல்ல முடியாது மேடம். இருந்தாலும் என் கட்சிக்காரர் பெருந்தன்மையா சேர்த்துக்கறார்” என்றார்.

“இவ்வளவுதானா?” என்றார் மத்தியஸ்தர்.

“இவ்வளவுதான்” என்றார் வக்கீல். கணவர் தண்ணீர் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியஸ்தர் அக்காவின் பக்கம் திரும்பினார். “நீங்க அந்தப் பிரிவிலேயே இருக்கீங்க. பட்டியல் சரிதானே?”

“எனக்குத் தெரியாதுங்க மேடம். அவர் சொல்றதுதான்.”

எதிர் வக்கீல் மூக்கால் சிரித்தார். மத்தியஸ்தர் கணக்குப் போட்டார். இரண்டு தடவை போட்டார். அக்காவுக்கு வரவேண்டிய பங்கு, வீட்டில் அவருடைய பாதிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

“அப்போ வீட்டை விக்கறதைத் தவிர வழி தெரியலம்மா” என்றார்.

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு எதிரே இருப்பவர்கள் கலங்கலாகத்தான் தெரிவார்கள். “சரிங்க” என்றாள்.

நாற்காலி தடால் என்று ஆடியது. கணவர் எழுந்து நின்றிருந்தார்.

“என்ன சரி? எதுக்கு இப்படி நடிக்கிறே? இன்னொண்ணு இருக்குன்னு உனக்குத் தெரியாதா? கேக்க வேண்டியதுதானே! எப்போ வாயத் திறப்பேன்னு நானும் வந்ததுலேர்ந்து பார்த்துக்கிட்டிருக்கேன்!”

“சார், உட்காருங்க” என்று வக்கீல் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

“இன்னொண்ணா?” என்றாள் அக்கா.

பொய் சொன்னால் அக்காவுக்குக் காது மடல் சிவந்துவிடும். அதனாலேயே அந்த வீட்டில் சீட்டாட்டத்துக்கு அவளைச் சேர்ப்பதில்லை. கணவர் அவள் காதைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி காதைப் பார்த்தார். அவர் குரல் இறங்கிப்போனது.

“உனக்கு நிஜமாவே தெரியாதா?”

“நமக்குக் கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க கணக்கை நான் திறந்ததே இல்லீங்க. ரசீது சார்தான் பார்க்கறார்.”

“அந்த ஷேர் லெட்டர் இருந்த கவர் உங்க செக்‌ஷன்லேர்ந்துதான் வந்துது.”

“அவர் ஒட்டியிருப்பார்.”

கணவர் மெதுவாக உட்கார்ந்தார். “ஸ்பெஷலா குடுத்தாங்க. நான் அங்க பார்த்த வேலைக்கு அது ஒண்ணுதான் பெருசா கிடைச்சது. யார்கிட்டயும் சொல்லக் கூடாது, மனைவிகிட்ட மட்டும் சொல்லலாம்னு அதுல எழுதியிருந்தாங்க. நான் நினைச்சேன், மனைவிதானே டைப்பே அடிச்சிருப்பான்னு. அன்னைக்கு சீக்கிரமா வீட்டுக்கு வந்தேன். நீ கதவைத் திறந்தே. இப்போ சொல்லுவா, இப்போ சொல்லுவான்னு வாசல்லயே நின்னேன். நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?”

அக்காவுக்கு ஞாபகம் இல்லை.

“பாத்ரூம் குழாய் ஒழுகுது, பிளம்பரைக் கூப்பிடுங்கன்னு சொன்னே.”

அக்கா கழுத்தில் தொங்கிய கண்ணாடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“கூப்பிட்டேன்” என்றார் கணவர்.

மத்தியஸ்தர் பேனா மூடியை மேசைமேல் வைத்துவிட்டார்.

“நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்” என்றாள் அக்கா. “ஒவ்வொரு வருஷமும் இருந்தேன். நானா கேட்டா, ஆபீஸ்ல பார்க்க முடியாததை வீட்டுல வந்து தோண்டற மாதிரி ஆயிடும்னு…”

“தெரிஞ்சவகிட்ட போய் என்னத்தைச் சொல்றது? தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலையே, என்னை ஒரு பொருட்டாவே நினைக்கலையேன்னுதான் நான் நினைச்சேன். அதுவும் போக, நீதானே சொன்னே? கைக்கு வர்ற வரைக்கும் வாயத் திறக்காதீங்க, வீட்டுலகூடச் சொல்லாதீங்கன்னு. முதல் நாள், முதல் வரிசைல உக்காந்து கேட்டேனே.”

அக்கா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தக் கம்பெனியில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. இங்கே நாலு பேர் பார்த்தார்கள்.

மத்தியஸ்தர்தான் முதலில் கேட்டார். “அந்த ஸ்பெஷல் ஷேரையும் சேர்த்துக்கலாமா?”

“அது இனிமே பார்க்கப்போற வேலைக்குக் குடுத்தது மேடம், அதனாலதான் நான் சேர்க்க வேண்டாம்னு…” என்று ஆரம்பித்தார் அவருடைய வக்கீல்.

“சேர்த்துக்கோங்க” என்றார் கணவர்.

“அப்படின்னா அதுல பாதி எங்களுக்கு” என்றாள் வக்கீலம்மா, கிடைத்த கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

அக்கா முகத்தைத் துடைத்தாள். கண்ணாடியைப் போட்டாள். அந்தக் கண்ணாடி மூக்கில் ஏறியதும் பங்கு அக்கா வந்துவிட்டாள்.

“பாதி இல்லீங்க மேடம். அது எப்போ குடுத்தது, எப்போ கைக்கு வரும்னு பார்க்கணும்.”

பார்த்தார்கள். நான்கு வருடம் இருந்தால் மொத்தமாக வரும். அதில் இரண்டு வருடம் இருவரும் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள்.

“அப்போ அதுல பாதிதான் எங்க ரெண்டு பேருக்கும் உண்டானது. அந்தப் பாதியில பாதி எனக்கு. மிச்சம் அவர் தனியா வேலை பார்த்துச் சம்பாதிக்கிறது, அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. வரி பிடிச்சுட்டுத்தான் கைக்கு வரும், அதையும் கழிங்க.”

வக்கீலம்மா மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள். அக்கா காலை நகர்த்திக்கொண்டாள்.

எதிர் வக்கீலுக்குத் தெம்பு வந்துவிட்டது. “இன்னொண்ணும் கழிக்கணும் மேடம். என் கட்சிக்காரர் நாளைக்கே வேலைய விட்டா ஒரு ஷேரும் வராது. அந்த ஆபத்து முழுக்க இவர் தலைமேல. அதுக்குக் கணிசமா குறைச்சாகணும்.”

“குறைக்க முடியாதுங்க” என்றாள் அக்கா. “அவர் விடமாட்டார். பாதியில போட்டுட்டுப் போற ஆள் இல்ல அவர். அது எனக்குத் தெரியும். அதுக்குக் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டியதில்ல.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது, எந்த வேலையாக வந்து எதைச் சொல்லியிருக்கிறோம் என்று. கணவர் தலையைக் குனிந்துகொண்டார். குடித்தனத்தைப் பாதியில் போட்டுவிட்டு வந்த மனிதர் அவர். ஆனால் அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது.

“குறைக்க வேண்டாம்” என்றார் அவர்.

மத்தியஸ்தர் மறுபடி கணக்குப் போட்டார். இந்த முறை வீட்டின் பாதிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, கொஞ்சம்தான் துண்டு விழுந்தது. துண்டு விழுந்ததை மாதாமாதம் கொடுத்து அடைக்கிறேன் என்றாள் அக்கா. அதை விட்டுவிடுகிறேன் என்றார் கணவர். “வேண்டாம்” என்றாள். அவர் வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கும்வரை அவள் பேனாவைத் தொடவில்லை. தனக்கு வரவேண்டியதில் ஒரு காசு விடமாட்டாள், வரக்கூடாததில் ஒரு காசு தொடமாட்டாள். இப்படி ஒரு பெண்மணியோடு குடித்தனம் பண்ணுவது கஷ்டம்தான். அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம், அது சுலபம்.

வீடு நின்றது. கல்யாணம் நிற்கவில்லை. அந்த அறையில் உண்மை வெளியே வந்ததும் இருவரும் ஓடிப்போய்க் கைகோத்துக்கொள்ளவில்லை. பல வருடம் பேசாமல் இருந்த வாய்க்கும் மனசுக்கும் அது அவ்வளவு லேசில் வராது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வக்கீல்கள் முன்னால் போய்விட்டார்கள். வராந்தாவில் லிஃப்ட்டுக்காக இருவரும் நின்றார்கள். பழைய லிஃப்ட், முனகிக்கொண்டே வந்தது. கதவு திறந்தது. அவர் ஏறக் காலை எடுத்துவைத்தார்.

“சொல்லுங்க” என்றாள் அக்கா.

“என்ன?”

“அந்த ஷேர். எதுக்குக் குடுத்தாங்க?”

அவர் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டு காலியாகக் கீழே போயிற்று.

முதலில் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். புது மாடல் இயந்திரம். நோயாளியின் குழாய் கழன்றுவிட்டால் மணி அடிக்க வேண்டும். எல்லாச் சோதனையிலும் அடித்தது. அனுப்பப் போகிற சமயம். அவருக்கு மட்டும் ஏதோ உறுத்தல். ஒருநாள் எல்லோரும் போன பிறகு, குழாயைக் கழற்றிவிட்டு அதே சமயம் மின்சாரத்தையும் ஒரு கணம் நிறுத்திப் பார்த்தார். மணி அடிக்கவில்லை. மறுபடி செய்தார். அடிக்கவில்லை. சொல்லச் சொல்ல அவர் கைகள் காற்றில் குழாயைக் கழற்றின, மாட்டின. பழைய வேகம் வந்துவிட்டது. நான்காவது வாரம் அவள் மேசைமுன் நின்று பேசிய அதே வேகம்.

“ஏன் அடிக்கல?” என்றாள் அக்கா.

“உள்ள ரெண்டு சென்சார் இருக்கும். ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு, எதுலயும் பழுதில்ல. ஆனா கரன்ட் போய் வந்ததும், அது சொல்லிடும்னு இது சும்மா இருந்துச்சு. இது சொல்லிடும்னு அது சும்மா இருந்துச்சு.”

சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார். அக்கா அவரைப் பார்த்தாள். லிஃப்ட் மறுபடி மேலே வந்து, திறந்து, யாரும் ஏறாததால் மூடிக்கொண்டது.

“ஒரு மெஷின்கூட அந்தக் கோளாறோட ஆஸ்பத்திரிக்குப் போகல” என்றார் அவர்.

“நல்ல வேலை பண்ணியிருக்கீங்க” என்றாள் அக்கா. “ரொம்ப நல்ல வேலை.”

அவர் தலையாட்டினார். இருவரும் படியிலேயே இறங்கினார்கள். கீழே வந்ததும் அவர் பேருந்து நிறுத்தத்தின் பக்கம் போனார். அக்கா எதிர்ப்பக்கம் நடந்தாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம்.

இன்றைக்கும் திங்கட்கிழமைக் கூட்டத்தில் கடைசியாகப் பங்கு அக்காதான் வருகிறாள். குரல் அதே குரல். அது உங்களுது இல்ல, உங்களுது ஆகப்போறது, ரெண்டுக்கும் நடுவுல நாலு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் ஒரு மாற்றமும் இல்லை. அதற்குப் பிறகுதான் வேறு.

“செலவு பண்ணாதீங்க. ஆனா வீட்டுல சொல்லிடுங்க. எவ்வளவு, எப்போ வரும், என்ன வேலை பார்த்ததுக்குக் குடுத்தாங்க, எல்லாத்தையும் உங்க வாயால சொல்லுங்க. வீட்டுல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரம்மா என் செக்‌ஷன்லயே வேலை பார்த்தாலும், போய்ச் சொல்லுங்க.”

பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பின்சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் ரசீது சார் மட்டும் சிரிப்பதில்லை. அக்கா சிரிப்பு அடங்கும்வரை நின்று, கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறாள்.